முகத்துவாரத்து மணல்

மாநில சுயாட்சி என்றால் நிமிர்ந்து உட்காரும் தலைமுறை எங்களுடையது. டெல்லியில் குவிந்திருக்கும் அதிகாரம் எவ்வளவு தூரம் நம் பக்கம் நகர்கிறதோ அவ்வளவு தூரம் மனிதன் சுதந்திரம் அடைகிறான் என்பதை யாரும் எங்களுக்குக் கற்றுத்தரவில்லை. தெருமுனைக் கூட்டங்களில் தேநீரோடு சேர்ந்து அது உள்ளே போயிற்று. 1969இல் இராஜமன்னார் குழு, 1971இல் அதன் அறிக்கை, 1974இல் சட்டமன்றத் தீர்மானம் என்று அந்தக் கதையின் ஆண்டுகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். 2025 ஏப்ரலில் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் இன்னொரு குழு அறிவிக்கப்பட்டபோது எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். இதில் எதையும் இப்போது கைவிடுவதாக இல்லை. ஆனாலும் பழவேற்காட்டு ஏரிக்குப் போய்விட்டுப் பொன்னேரி பஸ்ஸில் திரும்பும்போதெல்லாம் அந்த நம்பிக்கையின் அடிப்பக்கத்தை ஏதோ ஒன்று அரித்துக்கொண்டே வருகிறது. அந்த ஏரியில் அதிகாரம் தொலைவில் இல்லை. இரண்டு மாநில அரசுகள், ஒன்றிய அரசின் விண்வெளி மையம், வனத்துறை, மீன்வளத்துறை, தெற்கே அடுத்தடுத்து இரண்டு துறைமுகங்கள், தேர்தலில் வந்த ஊராட்சி, தேர்தலில் வராத குப்பத்துப் பஞ்சாயத்து என்று எல்லாமே கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. இவ்வளவுக்கும் நடுவே இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, பனையோலைப் பறியை வாயில் கடித்துக்கொண்டு, கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் ஒரு இருளப் பெண்ணுக்கு இது என் உரிமை என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது என்று யோசித்தால் பதில் வருவதில்லை. அரசுகள் கிட்டத்தில் வந்தும் உரிமை ஏன் கிட்டத்தில் வரவில்லை?

ஏரியின் பெரும்பரப்பு ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கு ஓரம் நம்முடையது. ஆனால் கடலிலிருந்து இறால் குஞ்சும் மீன் குஞ்சும் உள்ளே வரும் வாசல்களில் உருப்படியாகத் திறந்திருப்பது பழவேற்காட்டு முகத்துவாரம்தான். வடக்கே ராயதொருவுப் பக்கத்து வாசல் அடிக்கடி மணல் மூடிக் கிடக்கிறது, அதைத் தூர்வாரச் சொல்லி அந்தப் பக்கத்து மீனவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதாவது தண்ணீர் அவர்களிடம், கதவு நம்மிடம். கோடையில் வடபாதி வற்றி, உப்புப் பூத்த சேறாக வெடித்துக் கிடக்கும். அப்போது ஈரம் இருக்கும் திசையை நோக்கி ஆட்கள் வருவார்கள், வந்தால் தகராறு வரும். எல்லை எங்கே என்று படகில் கேட்டால் ஒருவர் சவுக்குத் தோப்பைக் காட்டுவார், இன்னொருவர் வேறு எதையோ காட்டுவார். கல் நட முடியாத இடத்தில் போட்ட கோடு அது. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது ஒரு கோடு. பட்டாஸ்கர் தீர்ப்பையொட்டி நாடாளுமன்றம் 1959இல் இயற்றிய சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1இல் திருத்திய கோடு. ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டத்தில் திருத்தணி வந்ததைக் கொண்டாடுகிறோம்; அதே நாளில் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களிலிருந்து அந்தப் பக்கம் போன கிராமங்களை நினைப்பவர்கள் குறைவு. ஏரி நடுவே இருக்கும் இருக்கம் தீவில் வீட்டுக்குள் தமிழ், ரேஷன் கடையில் தெலுங்கு. “எங்கப்பா பொறந்தது மெட்ராஸ் ராஜ்ஜியம், நான் பொறந்தது ஆந்திரா, ஆனா ரெண்டு பேரும் பொறந்தது ஒரே வூட்ல” என்று அங்கே ஒரு பெரியவர் சொன்னார். அதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை, வேடிக்கையாகத்தான் சொன்னார்; என்னால்தான் சிரிக்க முடியவில்லை.

நம் அரசியலமைப்பில் மாநிலம் அழியக்கூடியது. மூன்றாம் பிரிவின்படி நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் ஒரு மாநிலத்தை வெட்டலாம், ஒட்டலாம், பெயர் மாற்றலாம். சம்பந்தப்பட்ட சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், அதை ஏற்கவேண்டியதில்லை. அமெரிக்காவில் நிலைமை நேர்மாறு. டெக்சாஸ் வழக்கில் 1869இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம், ஒன்றியமும் அழியாது, அதில் சேர்ந்த மாநிலங்களும் அழியா என்று எழுதிவைத்தது. உள்நாட்டுப் போர் முடிந்து நான்கே ஆண்டுகள், லட்சக்கணக்கான பிணங்களுக்குப் பிறகு எழுதிய வாக்கியம். நம் கோடுகள் காகிதத்தில் சுலபமாக மாறின என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் கோடு மாறும்போது அதோடு சேர்ந்து மனிதனின் மேல் ஒட்டியிருப்பவையும் மாறிவிடுகின்றன. பட்டியல் பழங்குடி என்ற நிலை மாநிலவாரியாக அறிவிக்கப்படுவது. தமிழ்நாட்டுப் பட்டியலில் இருளர் உண்டு, யானாதி இல்லை. ஆந்திரப் பட்டியலில் யானாதி உண்டு, இருளர் இல்லை. ஒரே சேற்றில் ஒரே விதமாக இறால் தடவுகிற இரண்டு சனங்கள், கரை மாறிக் குடிபோனால் சான்றிதழ் செல்லாது என்பதை 1990இலும் 1994இலும் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. கடலுக்குப் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை ஒரே 61 நாள் தடை. கடலில் மீன் முட்டையிடும் காலம் மாநிலம் பார்ப்பதில்லை. அந்த நாட்களுக்கான நிவாரணம் 2025இல் ஆந்திரத்தில் குடும்பத்துக்கு 20,000 ரூபாய், இங்கே 8,000. சுயாட்சி என்று ஒன்று இருந்தால் இப்படி வேறுபாடு இருக்கத்தான் செய்யும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொள்கிறேன். ஒரு மாநிலம் தாராளமாகக் கொடுத்தால் பக்கத்து மாநிலம் வெட்கப்பட்டுக் கூட்டும் என்பது அந்த வாதத்தின் அழகான பாதி. இதுவரை யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

அதிகாரத்தைப் பிரித்துவைத்தால் மனிதனுக்குப் பாதுகாப்பு இரட்டிப்பாகும் என்று சொன்னவர் ஜேம்ஸ் மேடிசன். 1788இல் எழுதிய ஐம்பத்தோராம் ஃபெடரலிஸ்ட் கட்டுரையில், மக்கள் ஒப்படைக்கும் அதிகாரம் முதலில் இரண்டு அரசாங்கங்களுக்கு இடையே பங்கிடப்படுகிறது, பிறகு ஒவ்வொன்றின் உள்ளேயும் துறைகளாகப் பிரிகிறது, ஒன்றையொன்று காவல் காக்கும் என்று விளக்குகிறார். படிக்கும்போது மறுக்க முடியாத தெளிவு. நம் மேடைகளில் கேட்ட பேச்சின் தாத்தா அது என்றுகூடத் தோன்றும். ஆனால் அதே மேடிசன் அடுத்த ஆண்டே, உரிமைப் பட்டியலை நாடாளுமன்றத்தில் முன்வைத்தபோது, மனசாட்சிச் சுதந்திரம், பத்திரிகைச் சுதந்திரம், ஜூரி விசாரணை ஆகியவற்றை எந்த மாநிலமும் மீறக் கூடாது என்று ஒரு விதியைத் தனியே சேர்த்தார். மொத்தப் பட்டியலிலும் மதிப்பு மிக்கது இதுதான் என்று வாதாடினார். செனட் அதைத் தள்ளிவிட்டது. இரட்டைக் காவல் என்று எழுதியவருக்கே ஒரு காவல்காரர் மேல் சந்தேகம் இருந்திருக்கிறது, அதுவும் கிட்டத்தில் இருக்கும் காவல்காரர் மேல்.

அந்தத் தள்ளுபடியின் விலையை முதலில் கொடுத்தவர்களில் ஒருவர் பால்டிமோர் துறைமுகத்தில் படகுத்துறை வைத்திருந்த ஜான் பாரன். அவருடைய வழக்கைச் சட்ட மாணவர்கள் ஒரு வரியில் மனப்பாடம் செய்கிறார்கள். பழவேற்காட்டைத் தெரிந்தவர்களுக்கு அதில் வேறு வாசனை அடிக்கும். நகராட்சி தெருக்களை மட்டப்படுத்தி, ஓடைகளைத் திருப்பிவிட்டது. திரும்பிய தண்ணீர் கொண்டுவந்த மணலும் வண்டலும் பாரனின் துறையில் படிந்தன. துறைமுகத்திலேயே ஆழமானதாக இருந்த துறை கப்பல் அணைய முடியாத ஆழத்துக்கு மேடாகிவிட்டது. கீழ்க் கோர்ட்டில் 4,500 டாலர் நஷ்டஈடு கிடைத்தது, மேரிலாண்ட் மேல்முறையீட்டில் அது போயிற்று. தனியார் சொத்தை ஈடு கொடுக்காமல் எடுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தம் சொல்கிறதே என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1833இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், உரிமைப் பட்டியல் ஒன்றிய அரசைக் கட்டுப்படுத்த எழுதப்பட்டது, மாநிலத்தையோ அதன் நகராட்சியையோ அது தொடாது என்று வழக்கை முடித்துவிட்டார். மணலைக் கொட்டிய அரசு எது என்பதைப் பொறுத்து உரிமை இருக்கிறதா இல்லையா என்பது முடிவாயிற்று. 1868இல் பதினான்காம் திருத்தம் வந்து, அதன் பிறகும் கோர்ட்டுகள் இழுத்தடித்து, ஈடு கொடுக்காமல் எடுக்கக் கூடாது என்ற விதி மாநிலங்களையும் கட்டும் என்று 1897இல்தான் தீர்ந்தது. பாரன் கேட்டது அறுபத்து நான்கு ஆண்டு கழித்து வேறு யாருக்கோ கிடைத்தது.

நம் அரசியலமைப்பை எழுதியவர்கள் இதைப் படித்திருந்தார்கள். பன்னிரண்டாம் பிரிவு, அரசு என்றால் ஒன்றியம், மாநிலம், உள்ளாட்சி, மற்ற அதிகார அமைப்புகள் எல்லாமே என்று ஒரே மூச்சில் சேர்த்துவிட்டது. பாரனின் கதவு 1950லேயே நமக்குத் திறந்திருக்கிறது. அப்படியானால் பழவேற்காட்டு முகத்துவாரத்தில் மணல் சேரும்போது யாரைக் கேட்பது? தெற்கே எண்ணூரில் காமராஜர் துறைமுகம், 2001இல் திறந்தது, பெருந்துறைமுகம் என்பதால் ஒன்றியப் பட்டியல். அதை ஒட்டியே காட்டுப்பள்ளித் துறைமுகம், தனியாருடையது, பெருந்துறைமுகம் அல்ல என்பதால் மாநிலத்தின் பொறுப்பில் வருவது, பட்டியலில் பொதுப் பட்டியல். இரண்டு அலைத்தடுப்புச் சுவர்களும் ஒரே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. நம் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. நடுவே சுவர் நின்றால் தெற்கில் சேரும், வடக்கில் அரிக்கும். காட்டுப்பள்ளிக்கு வடக்கே குப்பங்களில் கடல் ஏறி வருவதைப் பார்க்கத் துறைமுகப் பொறியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வலை உலர்த்திய மேடு போய்விட்டது என்பார்கள், கோயிலுக்கு முன்னால் இருந்த மைதானம் போய்விட்டது என்பார்கள். எந்தச் சுவர் தின்றது என்று பிரித்துச் சொல்லச் சொன்னால் யாரால் முடியும்? மீன்பிடிப்பு மாநிலப் பட்டியலின் 21ஆம் இனம், ஆட்சிக்கடலுக்கு அப்பால் என்றால் ஒன்றியப் பட்டியலின் 57ஆம் இனம், ஊராட்சிகளுக்கான பதினோராம் அட்டவணையில் ஐந்தாம் இனம். வனவுயிர் 1976 வரை மாநிலத்திடம், நாற்பத்திரண்டாம் திருத்தத்துக்குப் பிறகு பொதுப் பட்டியலில். ஏரியை ஆந்திரம் 1976இலும் தமிழ்நாடு 1980இலும் பறவைகள் சரணாலயமாக அறிவித்ததால் முகத்துவாரத்தில் கல் போடுவதற்குத் தேசிய வனவுயிர் வாரியத்தின் வாசல் வரை போகவேண்டும். கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏறும் நாளில் கடலுக்குப் போகாதே என்று அறிவிப்பு வரும். ஒவ்வொரு கதவிலும் ஒரு அரசு இருக்கிறது. ஒவ்வொன்றும் மரியாதையாக அடுத்த கதவைக் காட்டுகிறது. மேடிசன் எதிர்பார்த்தது இரண்டு அரசுகள் ஒன்றையொன்று கண்காணிக்கும் என்று. ஒன்று இன்னொன்றின் மறைவில் நின்றுகொள்ளும் என்பதை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

இந்த இடத்தில் என் சுயாட்சி மனசுக்குச் சங்கடமான ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். இந்த ஏரி முழுவதற்கும், கோடு பார்க்காமல், ஒரே விதியைப் போட்டது மாநிலங்கள் அல்ல. தொண்ணூறுகளில் இறால் பண்ணைகள் கிழக்குக் கரையை மொய்த்தபோது, கரிக்கும் தண்ணீர் கிணறுகளுக்குள் இறங்கியபோது, இரண்டு மாநில அரசுகளும் அந்நியச் செலாவணிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தன. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11 தீர்ப்பு கரையோரப் பண்ணைகளை மூடச் சொன்னதோடு, சிலிகா ஏரியையும் பழவேற்காட்டு ஏரியையும் பெயர் சொல்லி, அவற்றிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்றது. நேலப்பட்டுச் சரணாலயமும் அந்த வரியில் வரும். டெல்லியில் உட்கார்ந்து ஏரியின் கரையை அளந்த தீர்ப்பு அது. மாநிலத்தின் அதிகாரத்தில் நீதிமன்றம் கைவைத்தது என்று அன்று நான் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. முணுமுணுத்திருந்தால் அசிங்கமாக இருந்திருக்கும். பிறகு நாடாளுமன்றம் 2005இல் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்து இறால் வளர்ப்புக்கு வழி திறந்தது. அப்போது டெல்லியைத் திட்ட எங்களுக்குக் காரணம் கிடைத்தது. டெல்லி காப்பாற்றும்போது மௌனம், கெடுக்கும்போது கூட்டாட்சி. இது கொள்கையா, வசதியா?

அமெரிக்காவில் இந்தச் சந்தேகம் இன்னும் கறையோடு இருக்கிறது. மாநில உரிமை என்ற கொடி அங்கே நீண்ட காலம் அடிமை முதலாளிகளின் கையில் இருந்தது. செனட்டர் கால்ஹூனிலிருந்து 1960களின் தென்மாநில ஆளுநர்கள் வரை கறுப்பினத்தவரின் உரிமையை மறுத்தவர்கள் அத்தனை பேரும் அதன் கீழ்தான் நின்றார்கள். நம் ஊரில் சுயாட்சி பேசுபவர்கள் அமெரிக்காவை மேற்கோள் காட்டும்போது இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போய்விடுவது வழக்கம். ஆனால் கதை அவ்வளவு நேராகவும் இல்லை. தப்பியோடிய அடிமையைப் பிடித்துக்கொடுக்க எல்லோரும் உதவவேண்டும் என்று 1850இல் சட்டம் போட்டது ஒன்றிய அரசு. மில்வாக்கியில் 1854இல் ஜோஷுவா குளோவர் என்ற தப்பிவந்த மனிதரை ஜனங்கள் சிறையை உடைத்து விடுவித்தார்கள். அதற்காகக் கைதான ஷெர்மன் பூத்தை விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் விடுவித்து, ஒன்றியச் சட்டமே செல்லாது என்றது. 1859இல் ஒன்றிய உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்த ஐந்தாண்டுகளில் மாநில உரிமை என்பது ஒரு மனிதனின் உடம்புக்குக் கவசமாக நின்றிருக்கிறது, அதே சமயம் தெற்கே அதே வாதம் விலங்காகவும் இருந்திருக்கிறது. எந்த அடுக்கு நல்லது என்று கேட்பதே பிசகு என்று தோன்றுகிறது. தோன்றிய மறுநிமிடமே, அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்வது எனக்கு மட்டும்தான் வசதி என்றும் தோன்றுகிறது. சேற்றில் நிற்பவருக்கு ஏதாவது ஒரு அடுக்கு பொறுப்பேற்றாக வேண்டும்.

பெரிய தத்துவங்களைவிட அவர்களுடைய சிப்பி வழக்குகள் எனக்கு அதிகம் பேசுகின்றன. அமெரிக்க அரசியலமைப்பு மாநாட்டுக்கே முன்கதை ஒரு நீர்த் தகராறுதான். பொட்டோமாக் ஆற்றிலும் செசபீக் விரிகுடாவிலும் படகும் வலையும் யாருடையவை என்று மேரிலாண்டுக்கும் வர்ஜீனியாவுக்கும் இழுபறி. 1785இல் இரு மாநிலப் பிரதிநிதிகள் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் வீட்டில் கூடி, ஆற்றில் மீன்பிடிக்கும் உரிமை இரு பக்கத்தாருக்கும் பொது என்று ஒப்பந்தம் செய்தார்கள். அந்தப் பேச்சு 1786இல் அன்னாபொலிஸ் கூட்டமாக வளர்ந்து, 1787இல் பிலடெல்பியாவில் முடிந்தது. ஆனால் அரசியலமைப்பு வந்த பிறகும் சிப்பிக்காரனுக்கு வழி பிறக்கவில்லை. நியூ ஜெர்சி தன் தண்ணீரில் வெளியூர்ப் படகு சிப்பி வாரக் கூடாது என்று சட்டம் போட்டது. அதன் மேல் வந்த வழக்கில் 1823இல் நீதிபதி புஷ்ராட் வாஷிங்டன், ஒரு குடிமகனுக்கு எல்லா மாநிலங்களிலும் உள்ள அடிப்படை உரிமைகளை வரிசையாக எழுதினார்: பாதுகாப்பு, சொத்து, எங்கும் போய்வருதல், தொழில், நீதிமன்றம். அமெரிக்கச் சட்ட இலக்கியத்தில் புகழ்பெற்ற பட்டியல் அது. எழுதி முடித்து, சிப்பி வாருவது இதில் சேராது என்று படகுக்காரருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். 1876இல் வர்ஜீனியா வழக்கிலும் அதே பாட்டு: ஓதம் ஏறும் நீரில் இருப்பவை அந்த மாநிலத்து மக்களின் பொதுச் சொத்து, அயலான் கேட்க முடியாது. இது உடைய 1948 ஆயிற்று. தென் கரோலினா தன் ஊர் இறால் படகுக்கு 25 டாலரும் ஜார்ஜியாவிலிருந்து வரும் படகுக்கு 2,500 டாலரும் உரிமக் கட்டணம் வைத்திருந்தது. கரையோரமாக மாநிலம் தாண்டி நீந்தும் இறாலை ஒரு மாநிலம் தன்னுடையது என்று சொல்வது வெறும் புனைவு என்று உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டணத்தை அடித்துப்போட்டது. இறாலுக்குச் சாதகமாக ஒரு நீதிபதி எழுதியதில் எனக்குப் பிடித்தது இதுதான்.

அதே 1948 நவம்பரில் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் வரைவை முன்வைத்துப் பேசினார். கிராமம் இதில் இல்லையே என்று காந்தியவாதிகள் குறைப்பட்டபோது, கிராமத்தை விட்டுவிட்டுத் தனிமனிதனை அலகாக எடுத்துக்கொண்டதற்காக மகிழ்வதாகச் சொன்னார். கிராமத்தைப் பற்றி அவர் பயன்படுத்திய சொற்கள் கடுமையானவை. அவற்றை ஒப்புக்கொள்வதில் எனக்குப் பொதுவாகத் தயக்கமில்லை. பழவேற்காட்டில் தயங்குகிறேன். காரணம் பாடு. கோட்டைக்குப்பத்திலும் அதையொட்டிய குப்பங்களிலும் பட்டினவர் என்ற மீனவச் சாதியார் வைத்திருக்கும் இந்த முறையில், இறால் ஓடும் நீர்வழிகளில் இன்ன நாள் இன்ன கூட்டம் வலை கட்டும் என்பது சீட்டு எடுத்து முறைவைத்துப் பங்கிடப்படும். நல்ல இடம் ஒருவருக்கே நிரந்தரமாகப் போகாது. ஏற்றத்திலும் வற்றத்திலும் எப்போது வலையை இறக்குவது, யார் இறக்குவது எல்லாம் பேசிவைத்தது. தகராறு வந்தால் பஞ்சாயத்தார் கூடிப் பேசுவார்கள், அபராதம் போடுவார்கள், வசூலும் செய்வார்கள். எந்த அரசிதழிலும் அச்சாகாத சட்டம், எந்த அரசின் சட்டத்தையும்விட ஒழுங்காக நடக்கிறது. வாட்ச்மேன் இல்லை, ஜி.பி.எஸ். இல்லை. மேலே சொன்ன அத்தனை அரசுகளும் கைகாட்டிக்கொண்டிருக்கும் ஏரியில் உண்மையில் ஆள்வது இதுதான். அதிகாரம் மனிதனுக்கு அருகில் வரவேண்டும் என்ற என் பழைய நம்பிக்கை கடைசிப் படி வரை இறங்கினால் வந்து நிற்கும் இடமும் இதுதான்.

அங்கே நின்று பார்த்தால் யார் இல்லை என்பது தெரிகிறது. பாடு என்பது தலைக்கட்டுக்கு உரியது. தலைக்கட்டு என்றால் அந்தச் சாதியில், அந்தக் குப்பத்தில், வரி கொடுக்கும் ஆண். விதவைக்கு ஊர் இரங்கிப் பங்கு கொடுக்கலாம், அது இரக்கம். இருளருக்கும் தலித்துகளுக்கும் பாட்டு நீரில் வலை கட்ட இடமில்லை. ஓரத்தில் தடவலாம், வலை போட்ட நேரத்தில் அதுவும் கூடாது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணப் பட்டியல்கள் குப்பத்துப் பஞ்சாயத்துகள் வழியாகத் தயாரானபோது இவர்களுடைய பெயர்கள் கரை நெடுகிலும் விடுபட்டதை எழுதாதவர்கள் இல்லை. அரசியலமைப்பின் பதின்மூன்றாம் பிரிவு, சட்டம் என்றால் சட்டத்தின் வலுவுள்ள வழக்கமும் அடங்கும் என்கிறது. 1964இல் சந்த் ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம், பக்கத்து நிலத்துக்காரருக்கே முதலில் விற்கவேண்டும் என்ற பழைய வழக்கத்தை அடிப்படை உரிமைக்கு எதிரானது என்று நீக்கியது. அந்த வழியில் ஒரு வக்கீல் நாளை பாடு முறைக்கு எதிராக வழக்குப் போடலாம், பிறப்பைக் காட்டி ஒருவரின் தொழிலைத் தடுக்கிறது என்று சொல்லலாம், ஜெயிக்கவும் கூடும். ஜெயித்த மறுநாள் அந்த நீர்வழியில் யார் வலை கட்டுவார்கள் என்று நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இருளப் பெண் அல்ல. அவளிடம் வலையில்லை, படகில்லை, முன்பணம் கொடுக்கும் வியாபாரி இல்லை. மோட்டார் வைத்த படகும் ஏற்றுமதிக்காரரின் பணமும் வைத்திருப்பவர் வருவார், அவருக்கு முறை கிடையாது, ஓய்வு நாள் கிடையாது. ஆக, பாடு இருக்கட்டும் என்று நினைக்கிறேன். அப்படி நினைப்பது சாதிக்கு நான் எழுதிக்கொடுக்கும் ரசீது என்பதும் தெரிகிறது. பரம்பரையாக எங்கள் குடும்பத்துக்கு ஏரியில் ஒரு முழம் நீர்கூட இல்லாததால் இவ்வளவு நிதானமாக இரண்டு பக்கமும் பார்க்க முடிகிறதோ என்னவோ.

மேரிலாண்டும் வர்ஜீனியாவும் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தன. 1785 ஒப்பந்தத்துக்குப் பிறகும் பல தலைமுறைகள் சிப்பிக்காகச் சுட்டுக்கொண்டார்கள். 1959இல்கூட ஆற்றில் ஒருவர் குண்டுபட்டு இறந்தார். 1958இல் எழுதிய புதிய உடன்படிக்கை 1962இல் ஒன்றிய நாடாளுமன்றத்தின் ஒப்புதலோடு நடைமுறைக்கு வந்து, பொட்டோமாக்குக்கு இரு மாநிலமும் சேர்ந்த மீன்வள ஆணையம் அமைந்தது. பழவேற்காட்டுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று சொல்வதற்கு அறிவு அதிகம் தேவையில்லை. இரு மாநிலமும் ஒரே மேசையில் உட்காரட்டும், முகத்துவாரத்தைத் திறந்துவைக்கும் செலவைப் பங்கிடட்டும், கோடையில் வடக்கே வற்றும்போது யார் எங்கே வரலாம் என்று எழுதட்டும். ஆனால் அந்த மேசையில் மீனவர் தரப்பில் யார் உட்காருவார்கள் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: பஞ்சாயத்தார், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். கூட்டாட்சிக்குள் இன்னும் ஒரு கூட்டாட்சி, அதற்குள்ளும் பழைய தலைக்கட்டு.

கையால் இறால் தடவும் ஒரு பெண்ணிடம், உங்களுக்கும் பாடு வேண்டுமா என்று கேட்டேன். கேட்கவேண்டிய கேள்விதானா என்று இப்போதும் சந்தேகம். பறியைக் கரையில் வைத்துவிட்டுச் சேலையைப் பிழிந்துகொண்டே, “பாடெல்லாம் எங்களுக்கு எதுக்கு சார், வலை வாங்கக் காசு யாரு குடுப்பா. ஓரமா தடவிக்கினு போறோம், வெரட்டாம இருந்தா போதும். அத ஒரு காயிதத்துல எழுதிக் குடுக்கச் சொல்லு” என்றார். யார் எழுதிக்கொடுக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அது எனக்குத் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். மீன்வளத்துறையால் முடியாது, சரணாலயம். வனத்துறை தானாகத் தராது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி, சரணாலயத்துக்குள் ஒருவருக்கு உள்ள உரிமையைத் தலைமை வனவுயிர்க் காப்பாளரைக் கலந்துகொண்டு தொடர அனுமதிக்க ஆட்சியருக்கு அதிகாரம் உண்டு. அதற்கு உரிமை முன்பே இருந்தது என்று காட்டவேண்டும். காட்டுவதற்குச் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் குப்பத்துப் பஞ்சாயத்தார். அப்படியே கிடைத்தாலும் ஆட்சியரின் காகிதம் செல்வது ஏரியின் தென் ஓரத்துக்கு மட்டும். மழை பொய்க்கும் வருஷத்தில் இறால் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அவர் போகிறார்.